"யாருக்கும் தெரியாத பாட்டு" என்கிறோமே, அந்த யாரும் யார்?

நண்பர் ஒருவர் ஒரு பாட்டை அனுப்பி, "இதெல்லாம் யாருக்கும் தெரியாது, கேட்டுப் பாருங்கள்" என்கிறார். திறந்து பார்த்தால் கீழே 40 லட்சம் முறை கேட்கப்பட்டது என்று எண் காட்டுகிறது. சிரிப்பு வருகிறது. ஆனால் ஒரு நிமிடம், உங்களுக்கும் அந்தப் பாட்டு இதுவரை தெரியாதுதானே? அவரும் தனக்குத் தெரிந்த நாலு பேரிடம் விசாரித்திருப்பார், ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார். அந்த 40 லட்சமும் உண்மை, அவர் சொல்வதும் உண்மை.

"அந்த ஊர் தூரம்" என்று யாராவது சொன்னால் உடனே "எங்கிருந்து?" என்று கேட்போம். எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தூரத்தை அளக்க முடியாது. இசையை "அரிது", "அறியப்படாதது", தீவிர ரசிகர்கள் பாஷையில் "அப்ஸ்க்யூர்" என்று சொல்வதும் இதே மாதிரியான ஒரு சொல்தான். பாட்டும் கேட்பவரும் சேர்ந்தால்தான் அதற்கு அர்த்தம் வருகிறது. என்ன சிக்கல் என்றால், ஊரைப் பற்றிப் பேசும்போது இயல்பாக வருகிற "எங்கிருந்து?" என்ற கேள்வி பாட்டைப் பற்றிப் பேசும்போது வருவதில்லை. பாட்டின் ராகம், தாளம் மாதிரி அதன் அறியப்படாத தன்மையும் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதற்கு ரோட்ரிகஸின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. சிக்ஸ்டோ ரோட்ரிகஸ் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துப் பாடகர். 1970-இல் ஒரு ஆல்பம், 1971-இல் இன்னொன்று. இரண்டும் அமெரிக்காவில் விற்கவில்லை, இசை நிறுவனம் அவரைக் கைவிட்டது, அவர் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவில் அந்தப் பாட்டுகள் கைமாறிக் கைமாறிப் பரவி, அங்கே ஒரு தலைமுறைக்கே மனப்பாடம் ஆகிவிட்டன. அவர் மேடையிலேயே உயிரை விட்டுவிட்டார் என்று வதந்தி வேறு. ஆளுக்கு இது எதுவுமே தெரியாது. பிறகு ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்து 1998-இல் வரவழைத்தபோது பெரிய அரங்குகள் நிரம்பின. 2012-இல் இதைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது, 2013-இல் ஆஸ்கரும் வாங்கியது, உலகமே "அடடா, இப்படி ஒரு மறைந்த மேதையா!" என்றது.

இதில் எனக்குப் பிடித்த பகுதியை அந்தப் படம் சொல்லவே இல்லை. ரோட்ரிகஸ் 1979-இலேயே ஆஸ்திரேலியாவுக்குப் போய்க் கச்சேரி செய்தவர், 1981-இல் மறுபடியும் போனார். அப்போதே அங்கே அவருக்குக் கூட்டம் இருந்தது. ஆக, படம் பார்த்து அமெரிக்கர்கள் வியந்துகொண்டிருந்த நேரத்தில், வயதான ஆஸ்திரேலிய ரசிகர் ஒருவர் "இவரா? இவரை எனக்கு முப்பது வருடமாகத் தெரியுமே" என்று சொல்லியிருக்கலாம். ரோட்ரிகஸ் அறியப்படாத பாடகரா, இல்லையா? டெட்ராய்டில் நின்று கேட்டால் ஆம். தென்னாப்பிரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ நின்று கேட்டால், கேள்வியே வேடிக்கை.

குடத்திலிட்ட விளக்கு என்று சொல்வோம், திறமை வெளியே தெரியாதவர்களைப் பற்றி. அந்த உவமையை நாம் எப்போதும் குடத்துக்கு வெளியே நின்றுகொண்டுதான் சொல்கிறோம். குடத்துக்குள் இருப்பவருக்கு அது கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம்.

இதே மாதிரி இன்னொன்று. ஜப்பானியப் பாடகி மரியா தாகேயுச்சி 1984-இல் பாடிய "பிளாஸ்டிக் லவ்" என்ற பாட்டு 2017 வாக்கில் யூடியூபில் திடீரென்று பரவியது. ஜப்பானுக்கு வெளியே இருந்த இளைஞர்கள் ஏதோ புதையல் கிடைத்தது போலக் கொண்டாடினார்கள். ஜப்பானியர்களுக்கு இதில் பாதிதான் புரிந்திருக்கும், ஏனென்றால் தாகேயுச்சி அங்கே மிகப் பிரபலமான பாடகி. அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பமும் வெளிவந்தபோது அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்ததுதான்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் வேண்டுமா? மறைந்துகிடக்கும் இசையைத் தேடிப்பிடித்து வெளியிடுவதையே வேலையாக வைத்திருக்கும் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம், இளையராஜாவின் பழைய பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. 1,000-க்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தவர், அரிய கண்டெடுப்பு வரிசையில்! முதலில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அப்புறம் யோசித்தால் அவர்கள் சொல்வதில் தப்பில்லை. அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து அது அரிதுதான். நாமும் எத்தியோப்பிய ஜாஸ் என்று ஒன்றைக் கேட்டுவிட்டு "யாருக்கும் தெரியாத பொக்கிஷம்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறோமே, எத்தியோப்பியாக்காரர் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்?

இடம் மாதிரியே காலமும். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இறந்தது 1750-இல். அதன்பின் உலகம் அவரை மறந்துவிட்டது, 1829-இல் இருபதே வயதான இசையமைப்பாளர் மெண்டல்சன் பெர்லினில் அவருடைய மத்தேயு பேஷன் என்ற கிறிஸ்தவச் சேர்ந்திசைப் படைப்பை மேடையேற்றித்தான் மீட்டெடுத்தார் என்று கதை சொல்வார்கள். பொதுக் கச்சேரிக்குப் போகிறவரின் பக்கமிருந்து பார்த்தால் இது பெருமளவு சரி. ஆனால் பீத்தோவன் சிறுவனாக இருந்தபோதே பாக்கின் விசைப்பலகைப் படைப்புகளை வாசித்துத் தேறியவர். மோட்சார்ட் 1789-இல் லைப்சிக் போனபோது பாக்கின் சேர்ந்திசை ஒன்றைக் கேட்டு அசந்துபோய், அதன் தாள்களை வாங்கிப் பரப்பி வைத்துப் படித்தார். அதாவது இசை எழுதுகிறவர்களுக்கு அவர் ஒருநாளும் மறைந்தவர் இல்லை. கச்சேரி கேட்பவர்களுக்கு மறைந்திருந்தார். ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஒரே ஆள்.

சரி, "இதெல்லாம் கதை, எண்ணைப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடுமே, எத்தனை பேர் கேட்டார்கள் என்று இப்போது எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறதே" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த 40 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். உலக மக்கள்தொகை 800 கோடிக்கு மேல். ஒவ்வொரு முறை கேட்டதும் வேறு வேறு ஆள் என்றே வைத்துக்கொண்டாலும் (நிச்சயம் இருக்காது, பிடித்தவர்கள் ஐம்பது முறை கேட்பார்கள்) 2,000 பேரில் ஒருவர்கூட முழுதாகத் தேறவில்லை. 40 லட்சம் என்பது பெரிதா சிறிதா என்பதையே எதோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் தீர்மானிக்கிறது. உங்கள் நண்பர் அதைத் தன் வட்டத்தோடு ஒப்பிடுகிறார், நீங்கள் மனதில் இருக்கும் ஏதோ ஒரு "சின்னப் பாட்டுக்கு இவ்வளவுதான் இருக்கும்" என்ற அளவோடு ஒப்பிடுகிறீர்கள்.

இன்னொரு கணக்கும் போடலாம். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் 10 கோடிக்கும் மேல் பாட்டுகள் இருக்கின்றன. ஒன்றுக்கு 3 நிமிடம் என்று வைத்து, தூங்காமல் சாப்பிடாமல் தொடர்ந்து கேட்டால் முடிக்க ஏறக்குறைய 570 ஆண்டுகள் ஆகும். அதற்குள் எத்தனை கோடி புதிதாகச் சேர்ந்திருக்குமோ. ஆகவே எவ்வளவு பெரிய இசைப் பைத்தியமாக இருந்தாலும், இருக்கும் இசையில் கிட்டத்தட்ட முழுவதும் அவருக்குத் தெரியாத இசைதான். நமக்குத் தெரிந்தது ஒரு பொட்டு. அந்தப் பொட்டுகள் ஒருவருக்கொருவர் எவ்வளவு ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன என்பதைத்தான் "பிரபலம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்த எண்களுக்கே இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. பிரபலமான பாட்டு நல்ல பாட்டாக இருப்பதால் பிரபலமானது, தெரியாத பாட்டில் ஏதோ குறை இருந்ததால்தான் தெரியாமல் போனது என்று ஒரு நினைப்பு நம் எல்லோருக்கும் உண்டு. 2006-இல் சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளை ஓர் இணையதளத்தில் வைத்து, 14,000-க்கும் மேற்பட்டவர்களை வரவழைத்து, அவர்களுக்கே தெரியாமல் தனித்தனி "உலகங்களாக"ப் பிரித்தார்கள். இப்படி 8 உலகங்கள். ஒவ்வொன்றிலும் இருப்பவர்களுக்கு, தங்கள் உலகத்தில் மற்றவர்கள் எந்தப் பாட்டை எத்தனை முறை தரவிறக்கினார்கள் என்று மட்டும் தெரியும். எட்டு இடத்திலும் ஒரே பாட்டா ஜெயித்தது? இல்லை. ஒரு பாட்டு ஓர் உலகத்தில் முதலிடம், இன்னோர் உலகத்தில் 40-ஆம் இடம். ரொம்ப மோசமான பாட்டு மேலே வந்தது அபூர்வம், ரொம்ப நல்லது அடியோடு மூழ்கியதும் அபூர்வம், அதுவும் உண்மை. ஆனால் நடுவில் இருந்தவற்றின் தலையெழுத்து, முதலில் வந்த சில பேர் எதை அழுத்தினார்கள் என்பதைப் பொறுத்து எப்படி வேண்டுமானாலும் போனது. 40-ஆம் இடத்தில் அந்தப் பாட்டைப் பார்த்தவர் "யாருக்கும் தெரியாத பாட்டு" என்பார். முதலிடத்தில் பார்த்தவர் "இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது" என்பார்.

இதுவரை பேசியது, பாட்டு எனக்குத் தெரியுமா தெரியாதா என்பதைப் பற்றி. இன்னொரு வகை இருக்கிறது: காதில் விழுகிறது, ஆனால் பிடிபடவில்லை. "என்ன இது, ஒரே சத்தமாக இருக்கிறது, இதை யார் கேட்பார்கள்?" என்று சொல்ல வைக்கும் இசை. முதல் வகையைவிட இதில் கேட்பவரின் பங்கு இன்னும் அதிகம் என்பது என் கருத்து.

இந்த இரண்டு வகைக்கும் நடுவில் பாலம் மாதிரி ஓர் ஆய்வு. 1990-இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் செய்தது. சிலரிடம் எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளைக் கொடுத்து, மெட்டுப் பாடாமல் மேஜையில் விரலால் தட்டச் சொன்னார். எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை பேர் கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்களைக் கேட்டபோது, பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார்கள். 120 முறை தட்டியதில் சரியாகச் சொல்லப்பட்டது 3. வெறும் மூன்று! தட்டுகிறவரின் தலைக்குள் முழுப் பாட்டும் வாத்தியங்களோடு ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் எதிரே இருப்பவருக்கு டொக் டொக் என்று மட்டுமே கேட்கிறது என்பதை அவரால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. வேண்டுமானால் இப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு பாட்டைத் தட்டிக் காட்டுங்கள், ஒரு நிமிடத்தில் உங்களுக்கே எரிச்சல் வந்துவிடும்.

ஒரு விஷயம் தெரிந்துவிட்டால், அது தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று நமக்கு மறந்துவிடுகிறது. பழகிய இசையைப் "புரியும் இசை" என்றும் பழகாததைப் "புரியாத இசை" என்றும் நாம் பிரிப்பது பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. காது, அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே கேட்கிறது. இத்தனை நாள் கேட்டதிலிருந்து ஊகிக்கிறது, வேறு எதிலிருந்து ஊகிக்கும்? ஊகம் பெரும்பாலும் சரியாகவும் அவ்வப்போது அழகாகத் தப்பியும் போனால் சுகமாக இருக்கிறது. எப்போதும் சரியாகவே போனால் சலிப்பு. எதுவுமே சரியாகப் போகவில்லை என்றால் வெறும் சத்தம். அதனால் ஒரே பாட்டு ஒருவருக்குச் சலிப்பாகவும் அடுத்தவருக்குச் சத்தமாகவும் இருப்பதில் முரண் எதுவும் இல்லை, இருவரும் கொண்டுவந்த ஊகங்கள் வேறு.

தாளத்தை எடுத்துக்கொண்டால் இது பளிச்சென்று தெரியும். நாலு நாலாக எண்ணியே வளர்ந்த மேற்கத்திய ரசிகருக்கு ஐந்தும் ஏழும் கோணல். பாடப்புத்தகங்களிலேயே அவற்றை ஒழுங்கற்ற தாளங்கள் என்பார்கள். 1959-இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் டேவ் புரூபெக்கின் குழுவினர் இப்படிப்பட்ட தாளங்களை வைத்தே ஓர் ஆல்பம் செய்தபோது அது பெரிய துணிச்சலாகப் பார்க்கப்பட்டது. கர்நாடக இசை கேட்டுப் பழகியவரோ ஐந்து என்றால் கண்ட சாபு, ஏழு என்றால் மிச்ர சாபு, அதில் என்ன அதிசயம் என்பார். தகிட தகதிமி என்று வாயே தானாகச் சொல்லும். பல்கேரிய நாட்டுப்புற ஆட்டக்காரருக்கோ ஏழும் பதினொன்றும் கால் தானாகப் போடுகிற எண்ணிக்கை. அதே பல்கேரியரிடம் தாளக்கட்டு இல்லாமல் பாடும் ஒரு விருத்தத்தைப் போட்டுக் காட்டினால் எங்கே தாளம் என்று தேடிக்கொண்டிருக்கலாம்.

எரின் ஹானன், சாண்ட்ரா ட்ரேஹப் என்ற இருவர் 2005-இல் இந்த விஷயத்தைக் கைக்குழந்தைகளை வைத்து ஆராய்ந்தார்கள். பல்கேரியாவும் அடங்கிய பால்கன் பகுதித் தாளங்களில் நடுவில் ஒரு தட்டைக் குலைத்துவிட்டால் வட அமெரிக்கப் பெரியவர்களுக்கு அது தெரியவில்லை, எளிய தாளத்தில் குலைத்தால் மட்டும் தெரிந்தது. அந்தத் தாளங்களோடு வளர்ந்த பல்கேரிய, மாசிடோனியப் பெரியவர்களுக்கு இரண்டிலும் தெரிந்தது. ஆனால் வட அமெரிக்காவில் பிறந்த 6 மாதக் குழந்தைகளுக்கும் இரண்டிலும் தெரிந்தது! 12 மாதம் ஆகும்போது அந்தக் குழந்தைகளும் தங்கள் ஊர்ப் பெரியவர்கள் மாதிரியே ஆகிவிட்டார்கள். அதாவது "புரியாத தாளம்" என்று ஒன்று பிறக்கும்போது இல்லை, அதை ஒரு வருடத்துக்குள் நாம் கற்றுக்கொள்கிறோம். இன்னும் ஒன்று: அந்த 12 மாதக் குழந்தைகளுக்கு இரண்டு வாரம் வீட்டில் பால்கன் இசையைப் போட்டுக் கேட்கவைத்தபோது மறுபடி பிடிபட்டது. பெரியவர்களுக்கு அதே இரண்டு வாரம் அவ்வளவு உதவவில்லை. பெரியவர்களுக்குக் கதவு அடைத்தே போய்விடுகிறது என்று இதற்கு அர்த்தமில்லை, நேரம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஒரு சமூகமே பழகிக்கொள்வதையும் பார்க்கலாம். 1913 மே 29 அன்று பாரிஸில் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் வசந்தச் சடங்கு என்ற பாலே முதன்முதலாக அரங்கேறியபோது கூச்சல் குழப்பம். (நடனமும் அதற்கு ஒரு காரணம், முழுப் பழியையும் இசைமேல் போட முடியாது.) 1940-இல் அதே இசையை டிஸ்னி தன் கார்ட்டூன் படத்தில் டைனோசர்களுக்குப் பின்னணியாகப் போட்டுக் குழந்தைகளுக்குக் காட்டியது. இடையில் 27 ஆண்டுகள். சில வெட்டு ஒட்டுகளைத் தவிர இசை அதேதான், காதுகள்தான் வேறு.

அப்படியானால் "யாருக்கும் தெரியாத பாட்டு" என்று சொல்வதில் நமக்கு ஏன் இவ்வளவு பெருமை? இதைக் கொஞ்சம் ஒளிக்காமல் பேசலாம். அரிய பாட்டைக் கண்டுபிடிப்பது ஒரு சின்ன சொத்து வாங்குவது மாதிரி. எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் சொத்தின் மதிப்பு குறைகிறது, "நான் அப்போதே கேட்டேன்" என்று பத்திரம் காட்ட வேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ் 1985-இல் பாடிய பாட்டு ஒன்று 2022-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்து பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனபோது இதுதான் நடந்தது. இளையவர்கள் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி கொண்டாட, மூத்தவர்கள் முகம் சுளித்தார்கள். அந்தப் பாட்டு 1985-இலேயே அங்கே மூன்றாம் இடம் வரை வந்தது, யாருடைய ரகசியமாகவும் இருந்ததில்லை. ஆனாலும் பதினாறு வயதுப் பிள்ளை அதை முதன்முதலாகக் கேட்ட அந்த இரவில் அவளுக்கு அது நிஜமாகவே யாருக்கும் தெரியாத பாட்டுதான், அதை நாம் ஏன் பறிக்க வேண்டும்?

தளங்களின் பரிந்துரைகளும் இந்த மயக்கத்தைக் கூட்டுகின்றன. உங்களைப் போலக் கேட்பவர்கள் கேட்டதையே உங்களுக்குக் கொண்டுவந்து காட்டுவதால், ஒரு சின்ன வட்டத்துக்குள் சுற்றுகிற பாட்டு ஊரெல்லாம் ஓடுகிற மாதிரித் தெரியும், ஊரெல்லாம் ஓடுகிற பாட்டு உங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

இதை நேரில் பார்க்க ஆசை இருந்தால் சுலபமான வழி ஒன்று உண்டு. உங்களுக்குத் தெரிந்த பத்துப் பாட்டுகளை, எல்லோருக்கும் தெரிந்தது என்று நினைப்பதில் தொடங்கி யாருக்குமே தெரியாது என்று நினைப்பது வரை வரிசையாக எழுதுங்கள். அதை மூன்று பேரிடம் போட்டுக் காட்டுங்கள்: உங்கள் வயதுக்காரர் ஒருவர், இருபது வயது கூடவோ குறையவோ உள்ளவர் ஒருவர், வேறு மொழியில் வளர்ந்தவர் ஒருவர். ஒவ்வொருவரையும் அதே பத்தை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்.

நான் செய்து பார்த்தேன். என் வயதுக்காரரின் வரிசை கிட்டத்தட்ட என்னுடையதேதான், அதனால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. மூன்றாவது ஆள் சின்ன வயதில் வயலின் படித்தவர். நான் பத்தாவதாக, பெரிய கண்டுபிடிப்பாக எழுதி வைத்திருந்த வயலின் துண்டு ஐந்து நொடி ஓடுவதற்குள் விரல்களை அசைத்து வாசிக்கவே தொடங்கிவிட்டார், அவருக்கு அது இரண்டாம் வருடப் பாடமாம், வெறுத்துப் போகிற அளவுக்கு வாசித்தாராம். அப்புறம் நான் முதலாவதாக எழுதியிருந்த பாட்டைப் போட்டதும் முழுதாகக் கேட்டு முடித்துவிட்டு, "இது ரொம்ப நன்றாக இருக்கிறதே, எங்கே தேடிப் பிடித்தீர்கள்?" என்றார்.